கையைத் தூக்கச் சொல்லும் வேலை

மாதத்தில் 10ஆம் தேதி தாண்டிவிட்டால் என் போன் ஓயாது. 15ஆம் தேதி சாயங்காலத்தோடு அடங்கிவிடும். டெக்சாஸில் கட்டட வேலை பார்த்துவிட்டுப் பணம் வராமல் அலைகிறவர்களுக்கு அந்த 15தான் கெடு. ஹூஸ்டனை ஒட்டிய சுகர்லேண்டில் நான் நோட்டரி. வீட்டுப் பத்திரம், பவர் ஆஃப் அட்டர்னி எல்லாமும் வரும். ஆனால் என் பிழைப்பு பெரும்பாலும் ஓடுவது காண்டிராக்டர்கள் கொண்டுவரும் லியன் அபிடவிட்டில்தான்.

நான் இதற்கு வந்தது கிரெடிட் செக்ஷன் வழியாக. டிரைவால் பலகையும் இன்சுலேஷனும் மொத்தமாக விற்கும் ஒரு சப்ளை கம்பெனியில் பாக்கி வசூல் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். மாதாமாதம் லியன் போட வேண்டியிருந்ததால், ஒவ்வொரு முறையும் வெளியே நோட்டரி தேடி ஓடுவானேன் என்று மேனேஜர் என்னையே நோட்டரி ஆகச் சொன்னார். அப்போது பயிற்சி வகுப்போ தேர்வோ கிடையாது. 10,000 டாலருக்கு ஒரு பாண்ட் வாங்கி, மாநிலச் செயலாளர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டால் நாலு வருடத்துக்கு நியமனம் வந்துவிடும். நடுவில் ஐந்து முனை நட்சத்திரம் போட்ட முத்திரை ஒன்று, ஒரு பதிவுப் புத்தகம், அவ்வளவுதான் முதலீடு. வேலையை விட்ட பிறகும் முத்திரையை விடவில்லை.

லியன் என்பது என்ன என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். ஒரு கட்டடத்தில் பணம் மேலிருந்து கீழே இறங்கி வருகிறது. சொந்தக்காரர் ஜெனரல் காண்டிராக்டருக்குக் கொடுப்பார். அவர் சப் காண்டிராக்டர்களுக்கு. அவர்கள் ஆட்களுக்கும் சாமான் போட்டவனுக்கும். நடுவில் யாராவது ஒருவர் பணத்தைப் பிடித்துக்கொண்டால் கீழே உள்ளவனுக்குச் சொந்தக்காரரை நேரடியாகக் கேட்க வழியில்லை. இருவருக்கும் ஒப்பந்தமே கிடையாது. அவனுக்கு இருக்கும் ஒரே பிடி, தன் உழைப்பு போய் ஒட்டிக்கொண்ட அந்த மண்ணும் கட்டடமும்தான். ‘இந்தச் சொத்தின் மேல் எனக்கு இவ்வளவு பாக்கி’ என்று கவுன்டி கிளார்க் அலுவலகத்தில் பதிந்துவிட்டால், அதைத் தீர்க்காமல் சொந்தக்காரர் சுலபமாக விற்கவும் முடியாது, புதுக்கடன் வாங்கவும் முடியாது. எங்கள் தெருவில் பாக்கி வராத மேஸ்திரி வீட்டுக்காரர் திண்ணையில் வந்து பேசாமல் உட்கார்ந்துவிடுவார். இங்கே அந்த உட்காருதலை ஒரு தாள் செய்கிறது.

இது நேற்று வந்த ஏற்பாடல்ல. வாஷிங்டன் நகரத்தைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஜெஃபர்சனும் மேடிசனும் வற்புறுத்தி, மேரிலாந்து சட்டமன்றம் 1791இல் கொண்டுவந்த சட்டத்திலிருந்து தொடங்குகிறது. டெக்சாஸ் இன்னும் ஒரு படி மேலே போய், மாநில அரசியல் சாசனத்திலேயே, 16ஆம் பிரிவின் 37ஆம் பகுதியில், கைவினைஞருக்கும் சாமான் கொடுத்தவருக்கும் இந்த உரிமையை எழுதி வைத்திருக்கிறது. ஆனால் சாசனத்தின் நிழல் சொந்தக்காரரோடு நேரடியாக ஒப்பந்தம் செய்தவருக்குத்தான். கீழே உள்ள சப்புகளும் சப்ளையர்களும் சொத்துச் சட்டத் தொகுப்பின் 53ஆம் அத்தியாயம் சொல்லும் படிகளை ஒன்று விடாமல் ஏறியாக வேண்டும். என் வாசலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான்.

படிகள் இரண்டு. முதலில் நோட்டீஸ், பிறகு அபிடவிட். கடை, ஆபீஸ், கிடங்கு மாதிரியான வேலையில் ஜனவரியில் உழைத்த பணம் வரவில்லை என்றால், மூன்றாம் மாதம் 15ஆம் தேதிக்குள், அதாவது ஏப்ரல் 15க்குள், சொந்தக்காரருக்கும் ஜெனரல் காண்டிராக்டருக்கும் நோட்டீஸ் போக வேண்டும். வேலை ஜனவரியோடு முடிந்திருந்தால் அபிடவிட் நாலாம் மாதம், மே 15க்குள் பதிவாக வேண்டும். சொந்தக்காரர் குடியிருக்கும் வீட்டு வேலை என்றால் இரண்டும் ஒரு மாதம் முன்னால் வந்துவிடும். 15ஆம் தேதி சனி, ஞாயிறு, அரசு விடுமுறை என்று விழுந்தால் அடுத்த வேலைநாள் வரை விடுவார்கள். 2022 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த திருத்தம் இதையெல்லாம் ஓரளவு சீராக்கியது. அதற்கு முன் ஒப்பந்தமானவற்றுக்குப் பழைய விதிகளே நீடித்ததால், கொஞ்ச காலம் வக்கீல் ஆபீஸ்களிலேயே இரண்டு காலண்டர் தொங்கியது.

இதில் நோட்டீஸுக்கு முத்திரை தேவையில்லை. சர்டிஃபைட் மெயிலில் போனாலே போதும். இது தெரியாமல் நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். முத்திரை போட்டால் கனம் கூடும் என்று நினைக்கிறார்கள். ‘இதற்கு என்னிடம் வேலையில்லை, தபாலாபீசுக்குப் போங்கள்’ என்று திருப்பி அனுப்புவேன். முத்திரை இல்லாமல் செல்லாதது அபிடவிட்தான். சட்டப்படி அபிடவிட் என்றாலே மூன்று சேர்ந்தது: எழுத்தில் உள்ள வாக்குமூலம், சொன்னவரின் கையெழுத்து, பிரமாணம் செய்துவைக்கும் அதிகாரம் உள்ளவர் முன்னால் எடுத்த சத்தியமும் அதற்கான முத்திரைச் சான்றும். மூன்றாவது விட்டுப்போனால் அது வெறும் கடிதம். கவுன்டி கிளார்க் பதிந்துகொண்டாலும், எதிர்த்தரப்பு வக்கீல் நீதிமன்றத்தில் முதலில் கை வைப்பது அந்த இடத்தில்தான்.

நோட்டரி வேலையில் இரண்டு வகைச் சான்று உண்டு. ஒன்றில், ‘இது என் கையெழுத்துதான்’ என்று ஒப்புக்கொண்டால் போதும்; நேற்று வீட்டில் போட்ட கையெழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை. இன்னொன்று ஜுராட். அதில் என் கண்ணெதிரே கையெழுத்துப் போட வேண்டும், உள்ளே எழுதியிருப்பது உண்மை என்று சத்தியமும் செய்ய வேண்டும். லியன் அபிடவிட்டுக்கு வேண்டியது ஜுராட். நெட்டில் கிடைத்த ஃபாரத்தின் அடியில் முதல் வகை வாசகம் அச்சாகியிருக்கும். ஆள் காரிலேயே கையெழுத்தைப் போட்டு முடித்துவிட்டு, ‘ஸ்டாம்ப் மட்டும் அடிங்க’ என்று வந்து நிற்பார். எந்தச் சான்று வேண்டும் என்று நான் தேர்ந்தெடுத்துச் சொல்லக்கூடாது. வக்கீலைக் கேட்டுவரச் சொல்லலாம். ஜுராட் என்றால் இன்னொரு தாள் எடுத்து என் முன்னால் மறுபடி கையெழுத்துப் போட வைப்பேன்.

பிறகு எழுந்து நிற்கச் சொல்வேன். வலது கையைத் தூக்கச் சொல்வேன். நின்றுதான் ஆக வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அது நானாக வைத்துக்கொண்ட வழக்கம். ‘இந்தத் தாளில் உள்ள விவரங்கள் நீங்கள் அறிந்தவை, உண்மையானவை என்று சத்தியம் செய்கிறீர்களா?’ தலையாட்டினால் போதாது, வாயால் சொல்ல வேண்டும். இங்கே கட்டட வேலையில் பாதிப்பேருக்கு ஸ்பானிஷ்தான் பேச்சுமொழி. அந்த ஒரு கேள்வியை ஸ்பானிஷில் கேட்கக் கற்றுக்கொண்டேன். ‘ஸீ, ஹூரோ’ என்று பதில் வரும்போது, அதுவரை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் கொஞ்சம் மாறும். இந்த ஒரு நிமிடத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் அதிகபட்சக் கட்டணம் 10 டாலர். 2023 செப்டம்பருக்கு முன்னால் 6 டாலர்.

சத்தியத்துக்கு முன்னால் அடையாளம். அமெரிக்க அரசோ ஏதாவது ஒரு மாநில அரசோ கொடுத்த, போட்டோவும் கையெழுத்தும் உள்ள, காலாவதி ஆகாத அட்டை வேண்டும். டைல் ஒட்டுகிறவர், பெயின்ட் அடிக்கிறவர் பலரிடம் இருப்பது மெக்சிகோ தூதரகம் தந்த அட்டை மட்டும். அது இங்கே எடுபடாது. ஒருமுறை 14ஆம் தேதி ராத்திரி ஒரு பெரியவர் வந்தார். தளத்துக்கு கான்கிரீட் போட்டுக் கொடுத்தவர். சட்டையில் சிமென்ட் பால் காய்ந்திருந்தது. தூதரக அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். வேண்டாம் என்றதும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தார். வழி இல்லாமல் இல்லை. எனக்கு நேரில் நன்றாகத் தெரிந்த ஒருவர், ‘இவர் இன்னார்தான்’ என்று சத்தியம் செய்தால் போதும். கிரெடிட் செக்ஷன் காலத்திலிருந்து எனக்குத் தெரிந்த ரெடிமிக்ஸ் டிரைவர் ஒருவருக்கு அவரையும் தெரியும் என்று பேச்சில் வந்தது. அவர் வந்தார். முதலில் அவருக்குச் சத்தியம், பிறகு பெரியவருக்கு. பதிவுப் புத்தகத்தில் சாட்சியின் பெயரும் முகவரியும் ஏறின. அட்டை எண்களை மட்டும் அதில் எழுதக்கூடாது. அது டெக்சாஸ் விதி. சப்ளை கம்பெனியிலிருந்து வந்த எனக்கு எண்ணை எழுதாமல் விடுவது ஆரம்பத்தில் கை நடுங்குகிற காரியம்.

இந்தத் தொழிலில் கஷ்டமான பகுதி தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது. வருடக்கணக்காக லியன் தாள்களைப் பார்த்த கண்ணுக்கு ஓட்டை சட்டென்று தெரியும். வீட்டின் தெரு முகவரி மட்டும் இருக்கும். லாட், பிளாக், மனைப்பிரிவு என்று நிலத்தை அடையாளம் காட்டும் சட்ட விவரம் இருக்காது. எந்தெந்த மாதத்து வேலை என்பது விட்டுப்போயிருக்கும். குடும்பம் குடியிருக்கும் சொந்த வீடு என்றால், வேலை தொடங்கும் முன்பே கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட்ட எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் லியன் நிற்காது. வாய்ப்பேச்சில் சமையலறையை இடித்துக் கட்டிக்கொடுத்தவர் அதே நம்பிக்கையோடு அபிடவிட் எழுதிக்கொண்டு வருவார். எதையும் நான் சொல்லக்கூடாது. நான் வக்கீல் இல்லை. வக்கீல் அல்லாதவர் பிறருக்காக லியன் அபிடவிட் தயாரித்துக் கொடுப்பது சட்டத் தொழிலைத் திருட்டுத்தனமாகச் செய்வதற்குச் சமம் என்று 1999இல் ஹூஸ்டன் மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கட்டம் காலியாக இருந்தால் ‘பூர்த்தி செய்துவிட்டு வாருங்கள்’ என்று சொல்லலாம். என்ன எழுத வேண்டும் என்று சொல்ல முடியாது. ‘வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்’ என்பதுதான் என் எல்லை. அதைச் சொல்லும் தொனியில் மட்டும் கொஞ்சம் அழுத்தம் கூட்டுவேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அதிகாரத்தோடு பேசுவேன், என் சான்றின் தலைப்பில். ‘டெக்சாஸ் மாநிலம், இன்ன கவுன்டி’ என்று அங்கே எழுத வேண்டியது நாங்கள் உட்கார்ந்திருக்கும் கவுன்டியை. சொத்து எந்தக் கவுன்டியில் இருக்கிறதோ அங்கே பதிய வேண்டும் என்பது வேறு சமாச்சாரம். கேட்டி என்கிற ஊர் ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என்று மூன்று கவுன்டியில் கால் வைத்திருக்கிறது. அங்கே வேலை பார்த்தவர்கள் சொத்து ஹாரிஸில் இருக்கிறது, நீங்களும் ஹாரிஸ் என்றே போடுங்கள் என்று மல்லுக்கட்டுவார்கள். என் மேஜை ஃபோர்ட் பெண்டில் இருக்கும்வரை நான் ஃபோர்ட் பெண்ட்தான்.

2022க்கு முன்னால் எங்களுக்கு இன்னொரு வருமானம் இருந்தது, வெய்வர். வாங்கிய பணத்துக்கு ஈடாக லியன் உரிமையை விட்டுக்கொடுக்கும் ஃபாரம். 2012இல் அதன் வாசகத்தைச் சட்டமே வகுத்தது. நோட்டரி முத்திரையும் கட்டாயம். பட்டுவாடா நாளில் சைட்டில் உள்ள டிரெய்லருக்கு என்னைக் கூப்பிடுவார்கள். ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். வெய்வரில் இரண்டு உண்டு: செக் பணமானால் உரிமை போகும் என்பது ஒன்று, பணம் வந்தாயிற்று, உரிமை இப்போதே போயிற்று என்பது இன்னொன்று. பணம் கைக்கு வராதவனிடம் இரண்டாவதைக் கேட்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஃபாரத்திலேயே தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. ஆனாலும் சில டிரெய்லர்களில் மேஜை மேல் அடுக்கியிருப்பது இரண்டாவதாகத்தான் இருக்கும். ‘தடித்த எழுத்தைப் படித்தீர்களா?’ என்று ஒவ்வொருவரையும் கேட்பேன். அது ஆலோசனை ஆகாது, படித்தாரா என்று தெரிந்துகொள்வது என் வேலை. அந்த ஒரு கேள்வியாலேயே சில இடங்களில் மறுபடி என்னைக் கூப்பிடவில்லை. புதிய சட்டம் வெய்வருக்கு முத்திரை வேண்டாம் என்றபோது என் வருமானம் இறங்கியது. சட்டம் செய்தது சரிதான். சம்பளம் வாங்க நின்றவன் ஒவ்வொரு தவணைக்கும் நோட்டரிக்காகக் காத்துக் கிடந்ததில் யாருக்கும் பாதுகாப்பு வந்ததாக நான் பார்க்கவில்லை.

முத்திரைக்கு உண்மையில் என்ன பலம் என்று எனக்குக் காட்டியது வேறொரு சம்பவம். ஒரு ஜெனரல் காண்டிராக்டர் கம்பெனியின் மேலாளர், சாலையோரக் கடைவரிசைக் கட்டடம் ஒன்றுக்காக ‘பில் எல்லாம் தீர்ந்தது’ என்ற அபிடவிட்டோடு வந்தார். பணம் வாங்கும் முன் சொந்தக்காரர் கேட்டு வாங்கும் தாள் அது: என் கீழ் வேலை செய்த சப், கூலி, சாமான்காரர் எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன் என்று சத்தியம். பொய்யென்றால் 4,000 டாலர் வரை அபராதம், ஒரு வருடம் வரை சிறை. பாக்கி உள்ளவர்களின் பெயர் எழுதும் இடத்தில் கோடு இழுத்திருந்தார். எழுந்து நின்று, கைதூக்கி, சத்தமாகச் சொன்னார். முத்திரை போட்டேன். அடுத்த மாதம் 15ஆம் தேதி நெருக்கத்தில் ஒரு இன்சுலேஷன் சப் வந்து உட்கார்ந்தார். அவர் அபிடவிட்டில் அதே கட்டடம், அதே ஜெனரல் காண்டிராக்டர். தனக்கு ஒரு பைசா வரவில்லை என்று அவரும் கைதூக்கினார். அதற்கும் முத்திரை போட்டேன்.

அவரிடம் நான் வாய் திறக்கவில்லை. யார் சொல்வது உண்மை என்று தீர்மானிக்கும் இடத்தில் நான் இல்லை. சப்புக்குக் கணக்கில் தகராறு இருக்கலாம். வேலை குறை என்று பிடித்திருக்கலாம். ஆனால் டெக்சாஸில் நோட்டரியின் பதிவுப் புத்தகம் பொது ஆவணம். கேட்பவருக்குச் சான்றிட்ட நகல் கொடுத்தாக வேண்டும். அந்த சப்பின் வக்கீல், இந்தக் கட்டடம் சம்பந்தமாக என் புத்தகத்தில் என்னென்ன இருக்கிறது என்று எழுதிக் கேட்டார். நகல் எடுத்துக் கொடுத்தேன். அதில் தொகை கிடையாது, வாசகம் கிடையாது. இன்ன தேதி, இன்னார், இன்ன வகைத் தாள், இன்ன அடையாளம் பார்த்தது என்ற ஒரு வரிதான். அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது. ‘இன்ன தேதியில் உங்கள் ஆள் ஒரு அபிடவிட் கொடுத்திருக்கிறார், அதன் நகலைத் தாருங்கள்’ என்று வக்கீல் கேட்டார். கொஞ்ச நாளில் பணம் வந்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். லியனை விடுவிக்கும் தாளில் கையெழுத்துப் போட அதே சப் என்னிடம்தான் வந்தார். பாக்கி தீர்ந்த பிறகு எழுத்தில் கேட்டால் பத்து நாளுக்குள் விடுவிப்புத் தாள் கொடுக்க வேண்டும், அதுவும் விதி.

சத்தியம் என்பது சடங்கு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் ஆபீஸ் கட்டடங்களுக்குத் தரை ஒட்டும் காண்டிராக்ட் எடுக்கிறார். ஒருநாள் வேகமாக வந்தார்.

“அக்கா, நீங்க எத்தனை பார்த்திருப்பீங்க. ஒரு கண்ணு பார்த்துச் சரியா இருக்கான்னு சொல்லுங்களேன்.”

“நான் சொல்லக்கூடாது தம்பி. நீங்க படிச்சீங்களா?”

“வக்கீல் எழுதினது. நான் கொடுத்த கணக்குதான்.”

“சரி, கையைத் தூக்குங்க.”

பாதி தூக்கிய கை அப்படியே நின்றது. தாளை வாங்கித் தொகையைப் பார்த்தார். சூப்பர்வைசர் வாய்வழியாகச் செய்யச் சொன்ன கூடுதல் வேலை ஒன்று அதில் சேர்ந்திருந்தது. அதோடு, செய்யப்போவதாகப் பேசி, செய்யாமல் விட்ட ஒரு அறையும். ‘இது நம்மளது இல்லியே’ என்று தனக்குத்தானே சொன்னார். நான் எதுவும் சொல்லவில்லை. வேண்டுமென்றே பொய்யான லியன் பதிந்தால் குறைந்தது 10,000 டாலர் கட்ட வேண்டிவரும் என்று இன்னொரு சட்டம் இருப்பதையும் சொல்லவில்லை. தாளை மடித்துக்கொண்டு வக்கீலிடம் போனார். கெடுவுக்கு முன்பே குறைந்த தொகையோடு திரும்பி வந்தார். இந்த முறை கை முழுதாக உயர்ந்தது. எதிர்த்தரப்பு அந்தக் கணக்கைக் கிளறிப் பார்த்தும் அசைக்க முடியவில்லை என்று பின்னால் அவரே போன் செய்து சொன்னார்.

இப்போது வீடியோவிலேயே எல்லாம் முடிகிறது. டெக்சாஸ் 2018இலேயே ஆன்லைன் நோட்டரியை அனுமதித்துவிட்டது. வக்கீல் ஆபீஸ்கள் கடைசி நேரத்தில் அதைத்தான் நாடுகின்றன. எனக்கு அதில் விரோதமில்லை. திரையிலும் நான் கையைத் தூக்கத்தான் சொல்கிறேன்.

புதிதாக நோட்டரி ஆகும் நம்மூர்ப் பிள்ளைகள் கட்டணத்தையும் முத்திரை எங்கே வாங்குவது என்பதையும்தான் கேட்கிறார்கள். நான் சொல்வது இதைத்தான். நோட்டரியால் யாருக்கும் பணம் வாங்கித் தர முடியாது. கணக்குச் சரியா, கெடு தப்பியதா, கவுன்டி சரியா என்பதெல்லாம் வேறு ஆட்கள் பார்க்க வேண்டியவை. பணம் கேட்பவர் இன்ன நாளில் நேரில் வந்து, தன் தொகைக்குத் தானே சத்தியம் செய்து பொறுப்பேற்றார் என்பதை மட்டும் நாம் நிலைநாட்டுகிறோம். எதிரில் இருப்பவர் கம்பெனியாக இருந்தாலும் வங்கியாக இருந்தாலும் அந்த ஒன்றை இல்லை என்று சொல்ல முடியாதபடி செய்து வையுங்கள். அவசரம் என்று கதவுக்கு வெளியே நின்று தாளை மட்டும் நீட்டுகிறவருக்கு முத்திரை போடாதீர்கள். 10 டாலர் போனால் போகட்டும்.